அது ஏன் அசைந்தது

1

இந்தக் கதை ஓர் இரும்புத் துண்டிலிருந்து தொடங்கியது. ஆட்காட்டி விரல் நீளம், முனையில் ஒரு மடிப்பு, அடியில் இரண்டு ஓட்டை. எங்கள் சமையலறை ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, பல வருஷமாக அதன் இடுக்கில் ஆப்பாகச் செருகியிருந்தது. அது என்ன, எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரை மூடி வைத்துச் சட்டென்று திறந்து காட்டுகிற வித்தை எனக்கு ஆகாது. பதினொரு வருஷம் மூடி வைத்தது போதும்.

தொழிற்சாலையில் ரோபோ வேலை செய்யும் இடத்தைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு இருக்கும். கூண்டுக்கு ஒரு கதவு. கதவின் ஓரத்தில் இந்தத் துண்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். எதிரே சட்டத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. கதவைச் சாத்தினால் துண்டு பெட்டிக்குள் போய் உட்காரும். உட்கார்ந்ததும் ரோபோவுக்குச் சேதி போகும்: கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை, நீ உன் வேலையைப் பார். கதவைத் திறந்தால் துண்டு வெளியே வந்துவிடும். அந்த நொடியே ரோபோ உயிர் போன மாதிரி நின்றுவிடும். எங்கள் ஷெட்டில் அந்தத் துண்டை நாக்கு என்போம்.

ஒருவர் அந்த நாக்கைக் கதவிலிருந்து கழற்றி, பெட்டிக்குள் தனியாகச் செருகி வைத்தார். கதவு திறந்தே கிடந்தாலும் சாத்தியிருப்பதாகவே ரோபோ நினைத்தது. அதனால் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, வலது கை போயிற்று. செருகியது யாரென்று மச்சானுக்கு இன்றுவரை தெரியாது. ரோபோ வேண்டுமென்றே கையை நசுக்கியது என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

செருகியது

(இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன். "நான்" என்ற சொல்லுக்கு அப்புறம் பேனா நகரவில்லை. ஆகவே இந்தக் கதையில் அந்த ஆளுக்கு "ஃபிட்டர்" என்று பெயர். அவர் இவர் என்று மரியாதையாகவே எழுதப்போகிறேன். மரியாதை கொடுத்து எழுதினால் தள்ளி நின்று பார்க்கலாம். கிட்டப் போனால் அந்த ஆள் ஏதாவது சமாதானம் சொல்லி என்னை மடக்கிவிடுவார்.)

2

தொடக்கங்கள். படிக்கிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எட்டாவதுக்கு மேல் போனதில்லை.

முதல் தொடக்கம்: "ரோபோ என்பது மனிதகுலத்தின் சுமையைக் குறைக்க வந்த நண்பன்." இது கம்பெனி கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் இருந்த வரி. நண்பன் என்று தானாகச் சொல்லிக்கொண்டு வருகிற எவனையும் நான் வீட்டுக்குள் விட்டதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை." ஷெட்டுக்குள் ஏது சூரியன்? பாதியிலேயே விட்டேன்.

மூன்றாவது: "ஃபிட்டர் நல்ல மனிதர்." யார் சொன்னது?

நான்காவது: "பொடிசு ஜன்னலைத் திறந்தாள்." இதை வைத்துக்கொள்கிறேன். இதில் பொய் இல்லை.

3

பொடிசு என்பது மச்சானின் மகள். வயது இருபத்துநாலு, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், இருந்தும் குடும்பத்தில் எல்லோருக்கும் பொடிசுதான். ரோபோக்களைப் பழுது பார்க்கும் படிப்பை இரண்டு வருஷம் படித்து முடித்திருக்கிறாள். அப்பனுக்குத் தெரியாமல் படித்தாள் என்று சொல்ல முடியாது. தெரிந்தும் அவன் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தான், அவ்வளவுதான். இப்போது ஒரு பெரிய கோடவுனிலிருந்து வேலைக் கடிதம் வந்ததும் வாயைத் திறந்துவிட்டான். கூடாது என்கிறான்.

புதன்கிழமை மத்தியானம் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஃபிட்டரின் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா விடுவாரு."

"உங்கப்பன் என்னிக்கு எம்பேச்சக் கேட்டான்?"

"மத்த விஷயத்துல கேக்க மாட்டாரு. ரோபோன்னா உங்க வார்த்தைதான் அவருக்கு வேதம். மெஷின நம்பாதேன்னு மாமாவே சொன்னாருன்னு இன்னிக்குக் காலைலகூடச் சொல்றாரு."

ஃபிட்டர் டீ தம்ளரைப் பார்த்தார்.

"அங்க இருக்கறது என்ன ரகம்? கை வெச்சதா?"

"கை கிடையாது. தட்டையா ஆமை மாதிரி இருக்கும். சாமான் ரேக்குக்கு அடியில நுழைஞ்சு ரேக்கையே தூக்கிட்டு வரும். நானூறு இருக்கு."

"நானூறா! அதுங்க நடுவுல ஆளு எப்படிப் போறது?"

"சும்மா போகக் கூடாது. ரிப்பேருக்குப் போகணும்னா ஒரு மேல்சட்டை குடுப்பாங்க. அதப் போட்டுக்கிட்டா, இங்க ஒரு ஆள் நிக்குதுன்னு நானூறுக்கும் தெரிஞ்சிடும். ஒதுங்கிப் போகும்."

"அந்தச் சட்டை கெட்டுப்போயிருந்தா?"

"அதத் தினமும் சோதிச்சுப் பாக்கறதே ஒரு வேலை மாமா. அந்த வேலைக்குத்தான் என்னக் கூப்பிட்டிருக்காங்க."

ஃபிட்டரின் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏண்டி, எதிர்வீட்டுல தட்டு மாதிரி ஒண்ணு தரையக் கூட்டிக்கிட்டு அலையுதே. அதுவும் இந்த ஜாதிதானா?"

"அதுவும் ரோபோதான் அத்தை. மூணு விஷயம் இருக்கணும். சுத்தி என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். அத வெச்சு அடுத்தது என்னன்னு முடிவு பண்ணணும். அப்புறம் எதையாவது அசைக்கணும், இல்லன்னா தானா அசையணும். இந்த மூணும் இருந்தா ரோபோ."

"மூணையும் நான் காலைல அஞ்சு மணிலேருந்து பண்ணிட்டிருக்கேன். எனக்கு ஒரு சொட்டு ஆயில்கூட எவனும் விட்டதில்ல."

"வாஷிங் மெஷின்?" என்றார் ஃபிட்டர்.

"அது எல்லைக்கோட்டுல நிக்குது. சேத்துக்கறவங்களும் உண்டு, தள்ளறவங்களும் உண்டு."

"போன்ல ஒரு பொம்பளக் குரல் பேசுதே?"

"அதுக்குக் கை காலு எதுவும் இல்ல. பேசும், அவ்வளவுதான். அத ரோபோல சேக்க முடியாது."

"பேசறதோட சரின்னா," என்று மனைவி கணவனைப் பார்த்தாள், "நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கு."

ஃபிட்டர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைக்கிற ரகத்தைப் பற்றிக் கேட்டார். அது தானாக எதையும் வெட்டாது என்றாள் பொடிசு. பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்து கையை அசைப்பார், அவர் கை எப்படிப் போகிறதோ அப்படியே அதுவும் போகும்.

"அப்ப ஒரு தப்பு நடந்தா, அது டாக்டரோட தப்புதானே? மெஷினோடது இல்லையே?"

"என்ன தப்புங்கறதப் பொறுத்தது மாமா. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கூண்டே தேவைப்படாத புது ரகக் கையைப் பற்றிச் சொன்னாள். ஆளோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யுமாம். மேலே பட்டால் நின்றுவிடுமாம்.

"பட்டப்புறம் நின்னு என்ன பிரயோசனம்? படறதுக்கு முன்னாடியில்ல நிக்கணும்," என்றார் ஃபிட்டர்.

(இன்னும் பல ரகம் சொன்னாள். பறக்கிறது, குழாய்க்குள் ஊர்கிறது, கடலடியில் போகிறது, குண்டை எடுத்துச் செயலிழக்க வைக்கிறது. மனுஷ முகம் வைத்தும் செய்கிறார்களாம், கண்காட்சியில் நின்று வணக்கம் சொல்லுமாம். அதை மட்டும் நான் ஜென்மத்துக்கும் நம்பமாட்டேன். ஒழுங்காக வேலை செய்கிறதுக்கு முகம் எதற்கு? மொத்த ஜாபிதாவையும் இங்கே எழுதினால் கம்பெனிப் புத்தகம் ஆகிவிடும். என்னைக் கேட்டால் ரகம் இரண்டுதான். ஆள் இருப்பது தெரிந்த ரோபோ ஒன்று, தெரியாத ரோபோ ஒன்று.)

அடுப்பில் எதுவோ தீய்ந்து புகை வந்தது. "ஜன்னல நல்லாத் தொற," என்றாள் அத்தை. பொடிசு எழுந்து போய் இடுக்கிலிருந்த ஆப்பை உருவினாள்.

4

இதை நான் ஆறு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஃபிட்டர் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவராகிக்கொண்டே போகிறார். இரண்டாவது தடவையில் அவர் தானாகவே முன்வந்து சொன்னார். நாலாவது தடவையில் அழுதார். நடந்தது இது.

பொடிசு உருவியதைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் ஒரு தடவை டப்பென்று அடித்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அதுவா?" என்றாள் அத்தை. "உங்க மாமாவோட டூல்ஸ் டப்பாவுல சும்மா கிடந்துச்சு. சரியாப் பொருந்துதேன்னு நாந்தான் எடுத்துச் செருகினேன். தூக்கிப் போட்டுடாதே, இப்படி ஒண்ணு அப்புறம் கிடைக்காது." தீய்ந்த பாத்திரத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

பொடிசு ஓட்டைக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தாள்.

"மாமா, இத ஒரு தடவ கதவுல மாட்டினா அப்புறம் கழட்டற வேலையே இல்ல. எத்தன வருஷம் ஆனாலும் ஓட்டை அப்படியே இருக்கணும். இது ஏன் இப்படி முட்டை மாதிரி நீண்டு தேஞ்சு கிடக்கு?"

"பழசும்மா."

"பழசானா துருப் பிடிக்கும். தேயாது. கழட்டிக் கழட்டி மாட்டினாத்தான் தேயும்."

ஃபிட்டர் அதை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"எந்தக் கூண்டோடது?"

இந்தக் கேள்விக்கு ஃபிட்டர் சொன்ன பதிலாக நான் மூன்று பதில் எழுதி வைத்திருந்தேன். மூன்றும் புத்திசாலித்தனமான பதில்கள். உண்மையில் அவர் தம்ளரை எடுத்து, காலி என்று தெரிந்தும் ஒரு வாய் குடித்தார்.

பொடிசுக்கு விளங்கிவிட்டது. துண்டை மேஜைமேல் சத்தம் வராமல் வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடுங்க."

"நீயே சொல்லிடேன் கண்ணு."

"நான் சொன்னா கண்டுபிடிச்சுச் சொன்னதா ஆயிடும். நீங்க சொன்னாத்தான் சொன்னது." பையிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்தாள். படிப்புக்கு வாங்கி மிச்சமானது. "வாய்ல வரலன்னா எழுதுங்க. ஞாயித்துக்கிழமை அப்பா இங்க சாப்பிட வருவாரு இல்ல? அவர் கையில குடுங்க."

"அவன் என் மூஞ்சில முழிப்பானா?"

"தெரியாது மாமா. ஆனா ஒரு மெஷின் தன்ன வேணும்னே அடிச்சிடுச்சுன்னு அவர் பதினோரு வருஷமா நினைச்சிட்டிருக்காரு. லிஃப்ட்ல ஏற மாட்டாரு. தானாத் திறக்கற கண்ணாடிக் கதவு இருந்தா அந்தக் கடைக்கே வர மாட்டாரு. நான் அந்த வேலைக்குப் போனா அங்க நானூறும் எனக்காகக் காத்துட்டிருக்கும்னு நினைக்கறாரு. அவரு பயப்பட வேண்டியது எதுக்குன்னாவது அவருக்குத் தெரியணும்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "நீங்க எதையாவது மழுப்பிச் சொல்லி எனக்குச் சம்மதம் வாங்கிக் குடுத்தீங்கன்னா, நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

நோட்டின் கதை இதுதான். இப்போது நீங்கள் படிப்பது அதில் எழுதியது.

5

அன்றைக்கு நடந்தது. இதில் அலங்காரம் எதுவும் வைக்கப்போவதில்லை.

தகடு அடிக்கும் பிரஸ். பக்கத்தில் தரையில் போல்ட் போட்டு நிறுத்திய ஒற்றைக் கை ரோபோ. நுனியில் நாலு ரப்பர்க் கிண்ணம். கீழே பலகையில் தகடு வந்து உட்காரும். உட்கார்ந்ததா, நேராக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு மின்கண். நேராக இருந்தால் கை இறங்கும், உறிஞ்சும், தூக்கும். கோணலாக இருந்தால் இறங்காது. மேலேயே நிற்கும், யாராவது தகட்டை நேராக்குகிறவரைக்கும்.

நேராக்கக் கதவைத் திறந்தால் எல்லாம் நின்றுபோகும். மறுபடி ஓட வைக்க எட்டு நிமிஷம். ஒரு ஷிஃப்டில் இருபது தடவை தகடு கோணும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போது ஃபிட்டர் வந்து, நாக்கின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, நாக்கைப் பெட்டிக்குள் செருகிவிட்டுப் போவார். வழக்கமாக அந்த லைனில் நிற்கிறவனுக்கு அது தெரியும். ஒரு குச்சியால் எட்டித் தள்ளி நேராக்குவான், கையை விடமாட்டான். ஷிஃப்ட் முடியும்போது ஃபிட்டர் நாக்கை மறுபடி கதவில் முடுக்கிவிடுவார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது செருமிக்கொண்டு வருவார், கூரையைப் பார்த்துக்கொண்டு போவார். எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு லைன்காரன் டீ குடிக்கப் போனான். பத்து நிமிஷத்துக்கு மாற்றாக, வேறு லைனிலிருந்து மச்சானை அனுப்பினார்கள். அந்த வேலையையே அவனுக்கு வாங்கிக் கொடுத்தது ஃபிட்டர்தான். மச்சான் சட்டதிட்டம் பார்க்கிறவன். தலைக்கவசம் போடாமல் சைக்கிளில்கூட ஏறமாட்டான் என்று ஷெட்டே கிண்டலடிக்கும். தகடு கோணியது. மச்சான் குச்சியைத் தேடவில்லை. சொல்லிக் கொடுத்தபடி கதவைத் திறந்தான். ரோபோவின் கையைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்தது. அது நிற்கிறதா என்று மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு உள்ளே போனான் என்று பிற்பாடு சொன்னான்.

அது நிற்கவில்லை. காத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மச்சான் தகட்டை நேராக்கினான். ஒழுங்காகச் செய்தான், ஒரு நூல் பிசகவில்லை. மின்கண் பார்த்தது, சரி என்றது. கை இறங்கியது.

ரோபோவின் தரப்பையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். பார்க்க வேண்டும், முடிவு பண்ண வேண்டும், அசைய வேண்டும் என்றாள் பொடிசு. இந்த ரோபோ முடிவைச் சரியாகத்தான் பண்ணியது, சரியாகத்தான் அசைந்தது. ஆளைப் பார்க்க அதற்கு இருந்தது அந்தக் கதவு ஸ்விட்ச் ஒன்றுதான். ரோபோ யாரிடமும் பொய் சொல்லவில்லை. அதனிடம்தான் ஒருவர் பொய் சொல்லி வைத்திருந்தார்.

சத்தம் கேட்டு ஃபிட்டர் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். நாலு பேர் சேர்ந்து ரோபோவின் கையைப் பெயர்த்து மச்சானை வெளியே எடுத்தார்கள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் பின்னாலேயே ஓடினார்கள். ஃபிட்டர் ஓடவில்லை. சட்டைப் பையில் அந்த இரண்டு ஸ்க்ரூ இருந்தது. பெட்டிக்குள் இருந்த நாக்கை உருவிக் கதவில் பொருத்தினார். அவர் கை நடுங்கி

இல்லை. நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதத்தான் ஆசை. முதல் ஸ்க்ரூ ஒரே மூச்சில் நேராக ஏறியது. இரண்டாவதும் அப்படியே. மச்சானை வண்டியில் ஏற்றும்போது கூட இருந்திருக்க வேண்டிய ஆள், அந்த நேரத்தில் கதவோரம் மண்டியிட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் கதவை இருபது தடவை திறந்து மூடினார்கள். இருபது தடவையும் ரோபோ நின்றது. காரணம் தெரியவில்லை, இயந்திரம் தானாக அசைந்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஃபிட்டர் தலையாட்டினார். லைன்காரனும் சூப்பர்வைசரும் தங்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்த ரோபோவைக் கழற்றி லாரியில் ஏற்றியபோது ஷெட்டில் பலபேர் அதன்மேல் காறித் துப்பினார்கள். ஃபிட்டரும் துப்பினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சான் கேட்டான்: "நான் கைய வெக்கிற வரைக்கும் அது காத்துட்டிருந்துச்சு மச்சான். நான் பாத்தேன். வேணும்னேதான் காத்துட்டிருந்துச்சு. இல்லன்னா அது ஏன் அசைஞ்சுது?"

ஃபிட்டர் சொன்னார்: "மெஷின நம்பக் கூடாது மச்சான்."

6

ஃபிட்டரை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

கூண்டைப் பிரித்தபோது அந்த நாக்கை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்? "இன்னொருத்தன் கையில கிடைக்கக் கூடாதுன்னுதான்," என்கிறார். அப்படியானால் சாக்கடையில் போட்டிருக்கலாம். மனசாட்சி உறுத்த வேண்டும் என்று கண்ணெதிரே வைத்துக்கொண்டார் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அவர் அத்தனை நல்லவரில்லை. ஃபிட்டர்களுக்கு நல்ல இரும்பைத் தூக்கிப் போட மனசு வராது, அவ்வளவுதான். பொண்டாட்டி அதை எடுத்து ஜன்னலில் செருகியபோது திடுக்கிட்டார். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பயமான இடம்.

மச்சான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டான், எழுதவும் பழகிவிட்டான். எழுத்து பெரிசு பெரிசாக, மெதுவாக வரும். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவிவிட்டு, சமையலறை ஸ்டூலில் ஜன்னலைப் பார்த்தபடி உட்காருவான். காற்று வாங்க அதுதான் தோதான இடம் என்பான். வாரம் தவறாமல் ஒரு தடவையாவது கேட்பான்.

"எனக்கு ஒண்ணுதான் மச்சான் புரியல. அது ஏன் அசைஞ்சுது?"

"விடு மச்சான். இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கே?"

"நீ ஃபிட்டர். உனக்குத் தெரியாததா? அதான் கேக்கறேன்."

இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை ரோபோவைப் பற்றிய கேள்வி என்றே ஃபிட்டர் எடுத்துக்கொண்டார். நேற்று இதை எழுதும்போதுதான் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. ஃபிட்டர் சொல்லிவிடுகிறார். மச்சான் இடது கையால் அவர் தோளைத் தட்டி, "போகட்டும் விடு மச்சான், எல்லாரும் செஞ்சதைத்தானே நீயும் செஞ்சே," என்கிறான். பொடிசு வேலைக்குப் போகிறாள்.

இதை எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தோளைத் தட்டுகிற வேலையை மச்சானிடம் கொடுக்க நான் யார்? கையைப் பறிகொடுத்தவனே ஆறுதலும் சொல்ல வேண்டுமாம். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு. ஃபிட்டர் சொல்லவில்லை. மச்சானுக்கு ஒரு போன் போடுகிறார். "அது பழைய ரகம் மச்சான். இப்ப வர்றதெல்லாம் ஆளைப் பாத்தா ஒதுங்கிப் போகுது, நானே விசாரிச்சுட்டேன். பொண்ண அனுப்பு," என்கிறார். மச்சான் சம்மதிக்கிறான், ரோபோ என்றால் அவனுக்கு ஃபிட்டர் வார்த்தைதான் வேதம். மூன்று நிமிஷப் பேச்சு. எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்த முடிவைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். இதில் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. புது ரகம் ஒதுங்கித்தான் போகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனைக் கையில் எடுத்து நம்பரில் பாதியை அழுத்திவிட்டார் ஃபிட்டர். மழுப்பி வாங்கின சம்மதத்தில் போகமாட்டேன் என்று பொடிசு சொன்னது ஞாபகம் வந்து போனை வைத்தார். இல்லை, ஞாபகம் வந்து வைக்கவில்லை. பொண்டாட்டி வந்துவிட்டாள், அதனால் வைத்தார்.

"யாருக்கு?" என்றாள்.

"யாருக்கும் இல்ல."

"ஜன்னல் ரெண்டு நாளா அடிச்சுக்குது. அந்த இரும்ப எங்க கொண்டுபோய் வெச்சீங்க? உள்ள இருந்தவரைக்கும் ஒரு சத்தம் கிடையாது."

மூன்றாவது முடிவு. இதுதான் நான் சொன்ன சந்தேகம்.

மச்சானுக்குத் தெரியும்.

அவன் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறவன். கதவைத் திறந்தபோது, அதன் ஓரத்தில் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெற்று ஓட்டை இருந்ததை அவன் பார்க்காமலா இருந்திருப்பான்? அப்போது கவனிக்காமல், பிற்பாடு கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தபோது கண்ணுக்கு வந்திருக்காதா? அந்த ஸ்டூலில் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து, இடுக்கில் இருந்ததைப் பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? அது என்னவென்று தெரியாத ஆளா அவன்? பொடிசு படித்தாள், தடுக்கவில்லை. வேலைக்குப் போகாதே என்றுதான் சொல்கிறான், அதுவும் "மாமாவே சொன்னாரு" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு. அவள் நேராக இங்கே வருவாள் என்று அவனுக்குத் தெரியாதா?

அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, அவன் அந்த விஷயத்தை விட்டுவிட்டான் என்று நினைத்துவிட்டேன். மேலே கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்ததே அந்த ரோபோ, அதை நின்றுவிட்டது என்று அவன் நினைத்த மாதிரி.

அவன் நிற்கிறானா, காத்துக்கொண்டிருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. வாரா வாரம் அவனுடைய கேள்விக்குள் நான்தான் கையை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இது என் குறுக்குப் புத்தியாகவும் இருக்கலாம். அவனுக்கும் தெரியும் என்றால் என் பாரம் பாதியாகிவிடுமே, அதற்காகக்கூட ஃபிட்டர் இந்த முடிவை என் காதில் ஓதியிருக்கலாம். அதனால் இதையும் நான் நம்பவில்லை.

8

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாக்கு நோட்டின்மேல் இருக்கிறது, காற்றில் தாள் பறக்காமலிருக்க. சமையலறையில் ஜன்னல் அடித்துக்கொள்கிறது. பொண்டாட்டியிடம் காலையில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். "அதையா என் கையாலயே ஜன்னல்ல செருகி வெச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். தம்பி பசியோடு வருவானே.

தெருமுனையில் மச்சான் வருவது தெரிகிறது. பொடிசும் கூட வருகிறாள். அவன் எப்போதும்போல எதிர்வீட்டு வாசலைப் பார்த்ததும் தெருவின் இந்த ஓரத்துக்கு மாறி நடக்கிறான். உள்ளே அந்தத் தட்டு தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

வேறு யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், அது மச்சான் படித்து முடித்து, மற்றவர்களும் படிக்கட்டும் என்று அவன் சொன்ன பிறகுதான். அவன் சொல்லாவிட்டால் நீங்கள் இல்லை. ஆகையால் உங்களிடம் முடிவைக் கேட்க எனக்கு உரிமையில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாசகன் அவன்.

மச்சான், ஃபிட்டர் என்று இருக்கிற இடத்திலெல்லாம் நான் என்று படித்துக்கொள். அவர் இவர் என்ற மரியாதையையும் எடுத்துவிடு. நீ வாராவாரம் கேட்டதற்குப் பதில் ஐந்தாவது பகுதியில் இருக்கிறது. நான் மூன்று முடிவு எழுதினேன், மூன்றிலும் எனக்குத்தான் லாபம். அதனால் முடிவை நீ எழுது. பேனா நோட்டுக்குள் இருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பொடிசு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

இடது கையால் எழுத உனக்கு நேரம் பிடிக்கும், எழுத்தும் பெரிசாக வரும். நாலு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். நான் இங்கேயே எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.